விளக்கெண்ணெயும் கடல் சாமந்தியும்

கடல் சாமந்தி ஒரு மீனை உயிரோடு விழுங்குவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு என் மாமனார் வீட்டு ஞாபகம் வந்தது. இதை என் மனைவியிடம் அந்த வருஷமே சொல்லிவிட்டேன். அதனால் இங்கே எழுதுவதில் புதிதாக எந்த ஆபத்தும் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் இயற்கைப் பாட வாத்தியார். எங்கள் ஆய்வுக்கூடம் என்பது ஒரு அலமாரி. அலமாரி என்பது இரண்டு பாட்டில். ஒன்றில் கட்டுவிரியன், மற்றதில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று. காலாண்டு லீவில் மண்டபத்திலிருக்கும் சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்றதும் தலைமையாசிரியர், "கடல்லேர்ந்து உருப்படியா ஏதாச்சும் கொண்டாங்க சார்" என்றார். உருப்படியாக என்று அவர் சொன்னது செத்ததை. நான் உயிரோடு கொண்டுவந்தேன். அதிகப்பிரசங்கித்தனம் எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருவது.

மண்டபத்தில் அன்று காலை கடல் உள்வாங்கியிருந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். யாரோ ஒரு பழைய ஜமுக்காளத்தை மணலில் விரித்துப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரிக் கிடந்தது அந்தக் கடல் சாமந்தி. சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் அகலம். விளிம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக, மேலே நெருக்கமாகக் குட்டைக் குட்டை விரல்கள். எதற்கோ பயந்து ஓடிவந்த ஒரு வெள்ளிக் குஞ்சு மீன் அதன் ஓரத்தில் வாலால் உரசியது. உரசியதோடு சரி. வால் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தது, இடுப்பும் ஒட்டிக்கொண்டது. முழு உடம்பும் துடித்தது. அப்புறம் தலை மட்டும் துடித்தது. அப்புறம் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஜமுக்காளத்தின் ஓரம் மெதுவாக மடிந்து அதைப் போர்த்தி நடுவிலிருந்த வாய்க்கு அனுப்பிவைத்தது. அவசரமில்லை, கோபமில்லை, சத்தமும் இல்லை.

இவ்வளவும் நடக்கும்போது அதே ஜமுக்காளத்தின் மேல் இன்னொரு மீன், பஞ்சு மெத்தையில் புரளும் சின்னப் பண்ணையார் மாதிரிப் புரண்டுகொண்டிருந்தது. கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால், என் நடுவிரல் நீளம். பக்கத்தில் அதன் ஜோடி. கொலை நடந்த இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி இரண்டும் ஒன்றையொன்று துரத்தி விளையாடின.

நான் விரலை நீட்டினேன். தார் ஒட்டுவது மாதிரி ஒட்டியது. பிடுங்கினேன், தோல் சிவந்தது, சாயங்காலம் விரல் கத்தரிக்காய் ஆனது. அதுகூடப் பெரிதில்லை. அந்த நடுவிரல் நீள மீன் பாய்ந்து வந்து என் கட்டைவிரலைக் கடித்தது! என்னைவிட ஆயிரம் மடங்கு எடை குறைந்த ஒரு ஜீவன், தன் வீட்டைத் தொட்டேன் என்பதற்காக. அப்போதுதான் மாமனார் வீடு முழுசாக ஞாபகம் வந்தது.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. என் மாமனார் வீடு திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு கண்மாய்க் கரை ஊரில் இருந்தது. நல்ல சம்சாரிக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன் வரிசையில் நின்று பாடுவார்கள், திங்கட்கிழமை கோர்ட்டு வாசலில் முன் வரிசையில் நிற்பார்கள். பகைவரை மன்னிப்பது பற்றிய பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்பார்கள். மன்னிப்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற அளவுக்கு அதைக் கடைப்பிடிக்கவும் செய்தார்கள். மாமனார் தளர்ந்து கட்டிலோடு இருந்தார். வீட்டை நடத்தியது என் மனைவியின் இரண்டு அண்ணன்மார். பெரிய மச்சான் ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர். அந்தப் பொடியால் அவருக்கு வாசனை என்ற சமாச்சாரமே செத்துப்போயிருந்தது. சின்ன மச்சான் பொடி போடமாட்டார், அதற்குப் பதிலாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். கதவு நிலைக்குப் பின்னால் குடை மாட்டுகிற இடத்தில் அரிவாள்கள் மாட்டியிருக்கும். குடை அடுப்படியில் இருந்தது.

மாப்பிள்ளைகளில் நான் மூன்றாமவன். மூத்த மாப்பிள்ளை கல்யாணமான வருஷமே கொழும்புக்கு ஓடிப்போனார். ஏன் ஓடினார் என்று கேட்டால், "அவுகளுக்கு நம்ம தண்ணி ஒத்துக்கிடல" என்பார்கள். இரண்டாமவர் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் கறி வெந்தது போதாது என்று சொல்லி முன்பல் இரண்டை இழந்து, பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு தூத்துக்குடி போய்ச் சேர்ந்தார். நான் தங்கினேன். எனக்கு வீரம் அதிகம் என்று நினைத்துவிடக்கூடாது. வேகாத கறியைப் பேசாமல் விழுங்கும் குணம் பிறவியிலேயே அமைந்திருந்தது, அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு என்று பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று மாப்பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

நான் படித்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், மீனும் சாமந்தியும் சேர்ந்த கதையை ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது. ஏதோ ஒரு காலத்தில், பெரிய மீனுக்குப் பயந்த சின்ன மீன்கள் சாமந்திக்குள் பாய்ந்திருக்கும். பாய்ந்ததில் அனேகமாக எல்லாம் செத்திருக்கும். எங்கோ ஒன்றிரண்டுக்கு உடம்புச் சளி கொஞ்சம் வேறு மாதிரி. அவை அரைகுறையாகப் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளிலும் செத்தவை போக மீந்தவை. இப்படி எண்ணமுடியாத சாவுகளை அடுக்கி, அதன் மேல் கட்டின சிநேகம் அது. சாமந்திக்குக் கண்ணில்லை, காதில்லை, மூளை என்று சொல்ல ஒன்றுமில்லை. தொட்டது வேற்று உடம்பா இல்லையா என்ற ஒரே கேள்விதான் அதற்குத் தெரியும். வேற்று உடம்பு என்றால் ஒவ்வொரு விரலிலும் சுருட்டி வைத்த நஞ்சூசிகள் பாயும். மீன் தன் சளியால் அந்தக் கேள்வியை எழாமலே செய்துவிடுகிறது. அந்தச் சளி பிறவியிலேயே வாய்த்ததா, சாமந்தியைத் தடவித் தடவிச் சம்பாதித்ததா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் தெரியாது. என் தோளைக் கேட்டால் அது ஒரு பக்கம் பேசும்.

ஒரு ஜோடி மீனையும் சாமந்தியையும் பெரிய பீங்கான் ஊறுகாய் ஜாடியில் வைத்து, தனியாக இரண்டு குடம் கடல் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மானாமதுரை வரை ரயில். அங்கிருந்து கரிபஸ்ஸு. பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ் முதுகில் கரியடுப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு, மேடு வந்தால் பிரயாணிகளை இறக்கித் தள்ளச் சொல்லும்.

"என்ன சார், ஊறுகாயா?" என்றார் கண்டக்டர்.

"கடல் பிராணி. உயிரோட இருக்கு."

"உயிரோடன்னா டிக்கெட்டு போடணும். எந்த ஊருக்கு?"

ஊரைச் சொன்னேன். வீட்டைச் சொன்னேன். முன் சீட்டில் இருந்த இரண்டு ஆட்கள், யாரும் கேட்காமலே எழுந்து பின்னால் போனார்கள். கண்டக்டர் ஜாடிக்கு ஒரு சாக்கை மடித்து அடியில் வைத்தார். மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளியபோது என்னை மட்டும் "நீங்க இருங்க சார்" என்றார். நான் இருந்தேன். பஞ்சு மெத்தை மீனுக்கு வெட்கம் உண்டா என்று புத்தகம் சொல்லவில்லை.

தொழுவத்தில், நிழலில், ஜாடியை வைத்தேன். வீடே வந்து குனிந்து பார்த்தது.

"பூவா மாப்ளே இது?" என்றார் பெரிய மச்சான்.

"பிராணி மச்சான். தொடாதீக, கொட்டும்."

தொடாதே என்ற சொல்லை அந்தக் குடும்பம் எப்போதும் அழைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய மச்சான் உள்ளங்கையை அப்படியே அதன் மேல் வைத்தார். மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துக் காய்த்த கை. ஊசி இறங்கவில்லை. "என்னத்தக் கொட்டுது? பொம்பளப் பிள்ளை கிள்ளுற மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தார். சின்ன மச்சானுக்கு ரோஷம். "கையில காச்சிப்போயிருக்கு, வேறெங்க கொட்டுதுன்னு பாப்போம்" என்று குனிந்து நாக்கு நுனியை வைத்தார். அடுத்த இரண்டு நாள் அவரால் யாரையும் திட்ட முடியவில்லை. ஊரே அமைதியாக இருந்தது. அன்றிலிருந்து சாமந்திக்கு அந்த வீட்டில் மரியாதை வந்துவிட்டது.

"இம்புட்டுக் கொட்டுறது அந்தக் கறுப்பு மீனை மட்டும் ஏன் விடுது?" என்று பெரிய மச்சான் கேட்டார். சளியைப் பற்றிச் சொன்னேன். ஒரு சிமிட்டா பொடியை இழுத்துவிட்டு, "அட, நம்ம வெளக்கெண்ண" என்றார்.

அந்த விளக்கெண்ணெயைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் கண்மாய்க்கு ஒரே மடை. மடையிலிருந்து தண்ணீர் ஒரு குழியில் விழும். குழியிலிருந்து இரண்டு வாய்க்கால், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவில் ஒரே ஒரு பலகை. பலகை எந்த வாயை அடைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் காயும். மழை பெய்து கண்மாய் பெருகி முதல் தண்ணீர் திறக்கும் நாளில், பலகையைத் தூக்கி எதிராளி வாயில் செருகுகிறவனுக்கு அந்த வருஷத்து முதல் நனைப்பு. செருகிய பலகையை அந்த நனைப்பு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது இரண்டு கூட்டத்துக்கும் சம்மதம். செருகுவதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதும் சம்மதம். பொழுது மங்கி மடைக்காரர் வீட்டுக்குப் போன பிறகுதான் இந்தச் சட்டம் அமலுக்கு வரும். என் மாமனார் வீடு தெற்கு வாய்க்கால்.

அன்றைக்கு எங்கள் ஆட்கள் கோவணத்தோடு நின்று, உச்சி முதல் உள்ளங்கால் வரை வீட்டில் காய்ச்சிய விளக்கெண்ணெய் பூசிக்கொள்வார்கள். பிடித்தால் வழுக்கும், அது ஒரு லாபம். இன்னொன்றுதான் பெரியது. மழை இருட்டில், கலவரத்தில், எதிரே வருகிற கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். வழவழவென்று இருந்தால் நம்ம ஆள், விட்டுவிட வேண்டும். காய்ந்திருந்தால் வெட்டலாம். பேசிக் கேட்பதெல்லாம் கிடையாது. குரலை வைத்து எதிராளி இடம் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் மூச்சு விடுவதைத் தவிர வேறு சத்தம் கூடாது. கண்ணும் இல்லை காதும் இல்லை, தொட்டுப் பார்த்து ஒரே கேள்வி.

"வேற யாராச்சும் எண்ணெய பூசிக்கிட்டு வந்தா?" என்று நான் கேட்டேன். "கடல்ல அப்படியும் நடக்கும் மச்சான். வேஷம் போட்டுக்கிட்டு வர்ற ஜாதியும் உண்டு."

"வடக்கு வாய்க்காக்காரனா? நம்ம எண்ணெய அவன் பூசுவானா? அவனுக்கு மானம் போயிருமே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எதிரிக்கு மானம் உண்டு என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை, கடவுள் நம்பிக்கைக்கு ஒரு படி மேலே.

சிரித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார். "பங்காளிக்குக் கால் போச்சு. இந்த வருஷம் பலகையத் தூக்க ஆள் இல்ல. நீங்க வந்துருங்க மாப்ளே. நாங்க ரெண்டு பேரும் மேல நின்னுக்கிடுவோம், உங்க மேல தூசி விழாது."

போன வருஷம் பலகையைத் தூக்கிய பங்காளிக்கும் இதே உறுதிமொழி கொடுத்திருந்தார்கள். அவர் இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்.

மறுத்துப் பார்த்தேன். வாத்தியார் வேலை, சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூடம், கேஸ் வந்தால் வேலை போய்விடும் என்றேன். சின்ன மச்சான் வீங்கிய நாக்கோடு ஏதோ சொன்னார். என் மனைவி எனக்கு மொழிபெயர்த்தாள். "இந்த வீட்டுச் சோறு திங்கிறவுக இந்த வீட்டுத் தண்ணிக்கு வரணுமாம். வராட்டி நாளைக்கு இந்தத் தெருவுல உங்கள எவனாச்சும் கை வச்சா அவுக ஏன்னு கேக்க மாட்டாகளாம்." பஸ்ஸில் எனக்காக எழுந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன். அந்த சீட்டு ஓசியில் வந்ததில்லை.

ஆக, போவது என்று ஆகிவிட்டது. பாக்கி இருந்தது எண்ணெய்தான். அதைப் பூசிக்கொள்ள மாட்டேன் என்றேன்.

இப்போது யோசித்தால் காரணம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது! விளக்கெண்ணெய் வாடை லேசில் போகாது. மறுநாள் அந்த வாடையோடு வகுப்பில் நின்று ஒளிச்சேர்க்கை நடத்தினால் பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள். அதைவிட, அதைப் பூசிக்கொண்டால் நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிடுவேன் என்று ஒரு எண்ணம். அவர்கள் சோற்றைத் தின்று, அவர்கள் பேரைச் சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன், எண்ணெயில் மட்டும் தனித்தன்மையைக் காப்பாற்றிக்கொள்ளத் துணிந்தேன்.

இதற்கு நடுவே, ஜோடி மீனில் ஒன்றைப் பாட்டிலில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சில நாள் பையன்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து ஜாடியில் விட்டேன். மனைவியும் பக்கத்தில் குந்தியிருந்தாள். மீன் பழைய உரிமையோடு நேரே உள்ளே பாய்ந்தது. சாமந்தி பிடித்துக்கொண்டது. மீன் திமிறிய திமிறில் ஜாடித் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. பிய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது அதன் பக்கவாட்டில் தோல் கிழிந்து தொங்கியது. சற்று நேரம் ஜாடியின் ஓரத்தில் வாய் பிளந்து கிடந்தது. பிறகு மெதுவாக வந்து வால் நுனியால் ஒரு விரலைத் தொட்டது. உதறியது, ஓடியது. மறுபடி வந்து அடிவயிற்றுத் துடுப்பால் தொட்டது. உதறியது. தொடுவதும் ஓடுவதுமாக மாடு கறக்கிற நேரம் வரை அப்படியே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துக்கொண்டது. விளக்கு வைக்கும்போது உள்ளே படுத்திருந்தது.

"பழைய ஆளுதான். ஆனா வெளிய போய் வந்ததுல பூச்சு போயிருச்சு, இல்லையா?" என்றாள்.

"ஆமா. சுவாரசியமான விஷயம்" என்றேன்.

"அறிவு கெட்ட மீனுக்கே தெரியுது, பூசிக்கிட்டுத்தான் போகணும்னு. நீங்க எம்.எல்.ஏ.க்கு நிக்கப் போறாப்புல வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கீக." எழுந்து போய்விட்டாள். அந்தச் சட்டையை ஒளித்தும் வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் நாலு நாள் மழை கொட்டிக் கண்மாய் பெருகியது. ஐந்தாம் நாள் பொழுது சாயுமுன்பே மேகம் கவிந்து எதிரே நிற்பவர் முகம் தெரியாத இருட்டு. முற்றத்தில் இரண்டு மச்சான்மாரும் எண்ணெய் வழிய நின்றார்கள், பொரிக்கத் தயாரான விரால் மீன் மாதிரி. மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பக்கம் வந்தாள்.

"கையிலயாச்சும் தடவிக்கிடுங்க. ரெண்டு கையில மட்டும்."

"வேணாம்."

"உங்க படிப்புல தீயை வைக்க" என்றாள். அவள் என்னிடம் அன்பாகப் பேசிய சில சமயங்களில் அது ஒன்று.

சட்டை இல்லாத, எண்ணெயும் இல்லாத உடம்போடு மடைக்குழியில் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பலகை எங்கள் தெற்கு வாயில் ஊறிப் பருத்துக் காடிப் பள்ளத்தில் இறுகியிருந்தது. குனிந்து, தோளைக் கொடுத்து, நெம்பினேன். வராது. தலைக்கு மேலே கரையில் சண்டை தொடங்கிவிட்டது. கூச்சல் இருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். சேற்றில் கால்கள் வழுக்கும் சத்தம், மூச்சு, அரிவாள் கம்பில் படும் சத்தம், அது கம்பில் படாமல் வேறெதிலோ படும் சத்தம். வாழைத்தண்டை வெட்டுவது மாதிரி இருந்தது அது. யாரோ ஒருவன் "அம்மா" என்று ஒரே தடவை சொல்லிவிட்டுச் சரிவில் உருண்டு என் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தான். எழுந்தான், என்னைப் பார்க்காமல் கையைக் கையால் பிடித்துக்கொண்டு வடக்கு வாய்க்காலோடு ஓடினான். தண்ணீர் வெதுவெதுப்பாக என் தொடையில் பட்டது. அது மழை இல்லை.

அந்த வேகத்தில் என்ன செய்தேனோ, பலகை வந்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டு வடக்கு வாயில் செருகினேன். தெற்கே தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. வேலை முடிந்தது என்று நிமிர்ந்தபோதுதான் அந்த வாடை வந்தது.

வேப்பெண்ணெய்.

கரை விளிம்பில் பெரிய மச்சானின் அகன்ற முதுகு வானத்துக்கு எதிரே தெரிந்தது. அவருக்குப் பின்னால் இன்னொரு உருவம். மச்சான் கையை நீட்டி அந்த உருவத்தின் கையைப் பிடித்தார். வழுக்கியது போலிருக்கிறது. தம்பி என்று நினைத்து விட்டுவிட்டு, நிம்மதியாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வடக்கு வாய்க்கால்காரர்கள் தங்கள் மானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் எண்ணெயைப் பூசவில்லை, தங்கள் சொந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வந்துவிட்டார்கள். தொட்டால் இரண்டும் ஒன்றுதான். மூக்கு இருந்தால் காத தூரத்துக்கு வித்தியாசம் தெரியும். மச்சானின் மூக்கில் பொடி இருந்தது.

அந்த உருவம் கையை ஓங்கியது.

"மச்சான்! பின்னால வேப்பெண்ண!" என்று கத்தினேன். போர்க்களத்தில் இப்படியொரு எச்சரிக்கையை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மச்சானுக்குப் புரிந்திருக்கவே முடியாது. ஆனால் குனிந்துவிட்டார். எதிராளியின் அரிவாள் அவர் தலைக்கு மேலே காற்றை வெட்டியது. மச்சான் குனிந்த வாக்கிலேயே சுழன்று வீசினார். அந்த ஆள் காதைப் பொத்திக்கொண்டு விழுந்து, எழுந்து, ஓடினான். பொத்தின கைக்கு அடியில் காது முழுசாக இருந்திருக்காது.

நான் சரிவில் தொற்றிக் கரைமேல் ஏறினேன். ஏன் ஏறினேன்? மச்சானுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பதைப்பு. அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திமிரும் கொஞ்சம். இருட்டில் ஒரு கை வந்து என் முழங்கையைப் பிடித்தது. காய்த்த கை, எனக்கு நன்றாகத் தெரிந்த கை. அந்தக் கைக்கு என்னைத் தெரியவில்லை. மழையில் நனைந்த வெறும் தோல், சொரசொரப்பாக, வழுக்காமல். அந்தக் கை ஒரு கணம் தேய்த்துப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். "நான்தான்" என்பதில் "நா" வரைக்கும் வந்தது.

இடது தோளில் யாரோ சூடான இரும்பை வைத்து அழுத்தினது மாதிரி இருந்தது. வலி பிறகுதான் வந்தது. தோளெலும்பு முறிகிற சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டேன். அது வெளியே கேட்பதைவிடப் பெரிதாக இருக்கும்.

"மாப்ளே?" என்றது இருட்டு.

என்னைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடியபோது மேலெல்லாம் விளக்கெண்ணெய் ஒட்டியது. என் ரத்தமும் அவர் எண்ணெயும் கலந்து நான் அவர் பிடியிலிருந்து வழுக்கி வழுக்கி விழப்பார்த்தேன். ஓடுகிற ஓட்டத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"காஞ்சு கெடந்தீகளே மாப்ளே! இப்படிக் காஞ்சு கெடந்தீகளே!"

மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை அது. பிழை யார் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மாட்டுவண்டியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் காயத்தைத் திறந்து பார்த்து, "எப்படி ஆச்சு?" என்றார்.

"பனைமட்டைக் கருக்கு கிழிச்சிருச்சுங்க" என்றார் பெரிய மச்சான், மனப்பாடமாக.

"தென்னூர்ல ஒருத்தர், மல்லாங்கிணத்துப் பக்கம் ரெண்டு பேர், இப்ப நீங்க. இந்தப் பக்கத்துப் பனைமரமெல்லாம் அரிவாள் பிடிக்கப் பழகிருச்சாய்யா?" என்று கேட்டுக்கொண்டே தைத்தார். "நல்ல குறி வேற."

குறியைப் பாராட்டியதும் மச்சான் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்து மறைந்ததை நான் பார்த்தேன்.

மீனும் இதைத்தான் செய்கிறது என்று கட்டிலில் கிடந்து யோசித்தேன். சாமந்தியின் விரலைக் கடித்துத் தின்ன வருகிற பெரிய மீனை இந்த நடுவிரல் நீள மீன் பாய்ந்து விரட்டுகிறது. அதற்காகச் சாமந்தி நன்றி பாராட்டும் என்று யாரும் எழுதவில்லை. பூச்சு இல்லாமல் திரும்பி வந்தால், விரட்டின மீனையே பிடித்துத் தின்னும். அதில் அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணமே கிடையாது.

எலும்பு கூடி வீடு வந்தபோது தொழுவத்தில் ஜாடி நாறியது. பெரிய மச்சான் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவர்தான் அதைக் கவனித்திருக்கிறார். என் இரண்டு குடம் கடல் தண்ணீர் தீர்ந்ததும் என்ன செய்வது என்று யோசித்து, கடல் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்று, கிணற்றுத் தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பைப் போட்டுக் கரைத்து ஊற்றியிருக்கிறார். சாமந்தி சோர்ந்தது. உப்புப் போதவில்லை என்று இன்னும் போட்டார். ஜமுக்காளம் ஒரு வதங்கிய கத்தரிக்காய்த் தோலாகச் சுருங்கி அடியில் கிடந்தது. இரண்டு மீன்களும் அதன் மேலேயே செத்து மிதக்காமல் ஒட்டிக் கிடந்தன.

"நான் கொன்னுட்டேன் மாப்ளே" என்று சொல்லி அழுதார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. என் தோளைப் பிளந்ததற்கு ஒரு சொட்டு விடாத கண்ணீர் மூக்குப்பொடியோடு சேர்ந்து வழிந்தது. நான் நல்ல கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த நிலைமையில் வேறென்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தலைமையாசிரியரிடம் பிறகு மூன்றையும் ஸ்பிரிட்டில் போட்டுக் கொடுத்தேன். "இது உருப்படி" என்றார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மறுபடியும் கண்மாய் பெருகியது. மழை இருட்டு வந்ததும் முற்றத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. பெரிய மச்சான் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அந்த வாரம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. நல்ல கையைக் கிண்ணத்தில் விட்டு நெஞ்சில் பூசினேன், வயிற்றில் பூசினேன், தழும்பின் மேல் இரண்டு தடவை பூசினேன். இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. கிண்ணத்தை மனைவி வாங்கிக்கொண்டாள்.

"திரும்புங்க" என்றாள். "முதுகு காஞ்சு கெடக்கு."